கடைசியா எதை மாத்தின?

எங்கள் வீட்டு மூத்த மருமகளைப் பற்றி உட்கார்ந்து எழுதுவேன் என்று நான் நினைத்ததே இல்லை. எழுதவைத்தவர் என் வீட்டுக்காரர். அவர் செய்த காரியத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. அந்த எரிச்சலோடுதான் எழுதுகிறேன், நடுநிலையெல்லாம் என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

நான் இந்த வீட்டின் இளைய மருமகள். மூத்தவள் எனக்கு ஓரகத்தி, வாய் நிறைய அக்கா என்றுதான் கூப்பிடுவேன். மரவேலைப் பட்டறையில் அவளுக்கு அலமாரி அக்கா என்று பெயர். சமையலறை அலமாரி, துணி அலமாரி, புத்தக அலமாரி எதுவானாலும் நேரில் போய் அளவெடுத்து வருவாள். கம்ப்யூட்டரில் வரைவாள். எந்தப் பலகையை எந்த அளவில் வெட்டுவது, கீல் எங்கே, திருகு எங்கே என்று எல்லாம் குறித்துக் கோப்பாகப் பட்டறைக்கு அனுப்புவாள். அங்கே இருக்கும் வெட்டும் இயந்திரம் அந்தக் கோப்பைப் படித்து அப்படியே வெட்டித் தள்ளும். ஒரு மில்லிமீட்டர் தப்பினால் கதவு மூடாது. அவள் வரைந்த கதவு மூடாமல் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை.

அந்தக் கம்ப்யூட்டரைக் கடையில் முழுதாக வாங்கவில்லை. ஒவ்வொரு வேலை முடிந்ததும் ஒவ்வொரு பாகமாக வாங்கிச் சேர்த்தாள். அதனால் பாகங்களுக்கு அவள் வைத்திருக்கும் பெயரே வேறு. பவர் சப்ளைக்கு 'பேக்கரி' என்று பெயர், ஒரு பேக்கரிக்குக் கண்ணாடி அலமாரி வரைந்து கொடுத்த வருமானத்தில் வந்தது. டிஸ்க் 'டாக்டர் வீட்டுச் சமையலறை'. மதர்போர்டு 'செருப்புக் கடை'. வெளிக்கூடு மட்டும் என் வீட்டுக்காரர் கொடுத்த பரிசு. ஒரு பக்கம் கண்ணாடி, உள்ளே சிவப்பும் நீலமுமாக மாறி மாறி எரியும் விளக்கு. அக்காவுக்கு அந்த விளக்கு கண்ணை உறுத்தும். ஆனாலும் கொழுந்தன் ஆசையாகக் கொடுத்தது என்று வைத்துக்கொண்டாள்.

அதற்குக் கிடைத்த இடம் சாப்பாட்டு அறையில் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்து மூலை. அது ஒரு வேலை செய்யும் இடம் என்று வீட்டில் யாருக்கும் தோன்றியதில்லை. அத்தை உலர்ந்த துணியை எல்லாம் அக்காவின் நாற்காலியில்தான் குவிப்பார். மாமா மூக்குக்கண்ணாடியைக் கீபோர்டு மேல் கழற்றி வைத்துவிட்டு வீடெல்லாம் தேடுவார். அக்கா வரைந்துகொண்டிருக்கும்போதே அடுப்பில் பால் பொங்காமல் பார்ப்பாள், கேஸ்காரருக்குக் கதவு திறப்பாள், மாமாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பாள். 'அவ சும்மா கம்ப்யூட்டர் முன்னாடிதானே உக்காந்திருக்கா' என்பது அத்தையின் கணக்கு.

போன மழைக்கு மாடிக் குளியலறையிலிருந்து தண்ணீர் கசிந்து, சரியாக அந்த மூலையில் சொட்டியது. கம்ப்யூட்டர் பிழைத்துக்கொண்டது. ஆனால் மதர்போர்டில் மெமரியைச் செருகுவதற்கு இருந்த இரண்டு ஸ்லாட்டில் ஒன்று செத்துவிட்டது. நல்ல ஸ்லாட்டில் மெமரியை வைத்துவிட்டு, செத்த ஸ்லாட்டின் மேல் பச்சை டேப் ஒட்டினாள் அக்கா. அவள் டேப் ஒட்டினால் ஒரு முனையை மட்டும் உள்பக்கமாக மடித்துத்தான் ஒட்டுவாள், பிறகு எடுக்கும்போது நகத்தால் சுரண்ட வேண்டியிராது. அளவெடுக்கப் போகிற இடத்தில் சுவரெல்லாம் அப்படித்தான் டேப் ஒட்டுவாளாம், பட்டறையில் சொல்வார்கள்.

அன்று எல்லோரும் சாப்பிடும்போது சொன்னாள். "பச்சை டேப் ஒட்டின இடத்துல யாரும் எதையும் செருகாதீங்க. அது போயிடுச்சு." எல்லோரும் தலையை ஆட்டினார்கள். இந்த வீட்டில் தலையாட்டுவது வேறு, காதில் வாங்குவது வேறு.

அக்காவிடம் ஒரு பழக்கம் உண்டு. வீட்டில் எது ஓடாமல் நின்றாலும் முதலில் ஒரே கேள்விதான் கேட்பாள், 'கடைசியா எதை மாத்தினீங்க?' மிக்ஸி நின்றாலும் அதே கேள்வி, குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் அதே கேள்வி. மாமாவுக்கு வயிற்றுவலி வந்தபோதும் அதையே கேட்டாள். மாத்திரையைத் தானாகவே மாற்றியிருந்தார். இதை வைத்து அவளைக் கிண்டல் செய்வதில் என் வீட்டுக்காரருக்கு ஒரு சுகம். "அண்ணி, இன்னிக்கு வெயில் ஜாஸ்தி. கடைசியா எதை மாத்தினாங்கன்னு மேல கேட்டுச் சொல்லுங்க" என்பார்.

என் வீட்டுக்காரர் மின்சாதனக் கடையில் டி.வி. பகுதியில் விற்பனைக்கு நிற்கிறவர். நாள் முழுக்க வாடிக்கையாளர்களிடம் 'இது புது டெக்னாலஜி சார்' என்று சொல்லிச் சொல்லி, அந்த டெக்னாலஜியைத் தானே கண்டுபிடித்ததாக நம்பத் தொடங்கிவிட்டார். வீட்டில் நான் அவருக்கு வைத்திருக்கும் பெயர் விஞ்ஞானி. ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவின் கம்ப்யூட்டரில் கேம் விளையாடுவார். படம் தத்தித் தத்தி வருகிறது என்று அவருக்கு நெடுநாளாகக் குறை.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. ஒரு மாணவர் விடுதிக்கு அறைக்கு அறை அலமாரி. அக்கா கைக்கு அதுவரை வந்ததிலேயே பெரிய வேலை அது. பட்டறை முதலாளியம்மா அவளிடம் தெளிவாகச் சொல்லியிருந்தார். ஞாயிறு மாலை ஐந்து மணிக்குள் கோப்பு வந்தால் இரவே இயந்திரத்தில் ஏற்றிவிடுவார்கள். வேலை சுத்தமாக முடிந்தால் அக்காவைப் பட்டறையிலேயே மாதச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்வார்கள், தனி மேசையோடு. வராவிட்டால் வேறு ஆள் தயாராக இருக்கிறார். அக்காவுக்குச் சம்பளத்தைவிட அந்த மேசைதான் பெரிதாகத் தெரிந்தது. "என் நாற்காலில யாரும் துணி போட மாட்டாங்கல்ல" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தாள்.

முக்கால்வாசி முடித்திருந்தாள். விடுதியில் ஒரு சுவரின் அளவில் சந்தேகம் என்று காலையில் அளவெடுக்கும் டேப்பை எடுத்துக்கொண்டு போனாள். அவள் போன நேரம் பார்த்து விஞ்ஞானி வேலையைத் தொடங்கினார். நான் பின்கட்டில் துணி ஊறவைத்துக்கொண்டிருந்தேன், எனக்கு ஒன்றும் தெரியாது.

அக்கா திரும்பி வந்து பொத்தானை அழுத்தினாள். ஃபேன் சுற்றியது. சிவப்பும் நீலமும் ஜோராக எரிந்தன. திரை மட்டும் கறுப்பு. சற்றுப் பொறுத்து மூன்று முறை பீப், பீப், பீப் என்று கத்தியது. அணைத்துவிட்டு மறுபடி போட்டாள். மறுபடி அதேதான்.

என் வீட்டுக்காரர் சோபாவில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டை மாற்றித் தலைசீவி, அப்போதுதான் வெளியிலிருந்து வந்தவர்போல.

"தம்பி, கடைசியா எதை மாத்தினீங்க?"

"நானா? ஒண்ணுமே இல்ல அண்ணி. சும்மா தூசி தட்டினேன்."

அக்கா கண்ணாடிப் பக்கத்தைக் கழற்றினாள். உள்ளே செங்கல் அளவுக்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு உட்கார்ந்திருந்தது. யாரோ விற்றுவிட்டுப் போன பழைய கார்டு. தூசி தட்டும்போது முளைத்திருக்கும் போல.

"இது?"

"அதுவா... அது சர்ப்ரைஸ் அண்ணி. உங்க வரைபடமும் நல்லாத் தெரியுமேன்னு போட்டேன்."

"வேற என்ன தொட்டீங்க?"

"வேற எதையும் தொடவே இல்ல."

கார்டைக் கழற்றிவிட்டு, மேசைக்கடியில் கிடந்த தன் பழைய கார்டைப் போட்டாள். திரை கறுப்பு. பீப், பீப், பீப்.

"மூணு தடவை கத்தினா மெமரில கோளாறுன்னு அர்த்தம். மெமரியை எடுத்தீங்களா?"

"அண்ணி, அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? கார்டு போடற இடம் வேற, மெமரி வேற. எனக்குத் தெரியாதா?"

கடையில் வாடிக்கையாளரிடம் பேசுகிற அதே குரல். அக்கா உள்ளே குனிந்து பார்த்தாள். ஒரு ஸ்லாட்டில் அவளுடைய மெமரி இருந்தது. பக்கத்து ஸ்லாட்டின் மேல் பச்சை டேப் இருந்தது. எல்லாம் அவள் வைத்தபடியேதான் தெரிந்தது. அதனால் நம்பினாள். மெமரியை எடுத்து, அதன் பித்தளை நிற ஓரத்தை ரப்பரால் துடைத்து, அதே இடத்தில் மறுபடி அழுத்திச் செருகினாள். அது மறுபடியும் கத்தியது.

மெமரியை யாரும் தொடவில்லை என்றால் கோளாறு வேறெங்கோ என்றுதானே எவரும் நினைப்பார்கள்? ஒரு பொய் என்ன செய்யும் என்று அன்றைக்குப் பார்த்தேன். அக்கா ஒவ்வொரு வயராகப் பிடுங்கி மாட்டினாள். பவர் சப்ளையைச் சோதித்தாள். கடைசியில் மதர்போர்டில் இருக்கும் காசு அளவு பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டுக் காத்திருந்தாள். அப்படிச் செய்தால் போர்டு தன் செட்டிங்கையெல்லாம் மறந்து முதலிலிருந்து தொடங்குமாம். அதுவும் பலிக்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. தட்டில் போட்டது அப்படியே இருந்தது.

கோப்பின் நகல் அவளிடம் இருந்தது, தினமும் தனி டிஸ்கில் எடுத்துவைக்கிறவள்தான். ஆனால் வரைகிற மென்பொருளின் உரிமம் அந்த ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும். வேறு எங்கே கொண்டுபோனாலும் திறக்காது.

மற்றவர்கள் சும்மா இருந்தார்களா என்றால் அதுவும் இல்லை. மாமா வந்து பார்த்துவிட்டு, "எதுக்கு எல்லாத்தையும் பிரிச்சுப் போட்டிருக்க? அப்படியே விட்டிருந்தா ஓடியிருக்கும்" என்றார். அத்தை மகனுக்கு வக்காலத்து வாங்கினார். "அவன் நல்லதுக்குத்தானே செஞ்சான். ஒரு நாள் வேலை செய்யலைன்னா குடியா முழுகிடும்?" அக்கா வீட்டுக்காரர், இந்த வீட்டின் மூத்த மகன், எப்போதும்போல வாயில் பூட்டுப் போட்டுக்கொண்டு செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தார். தம்பியையும் கேட்கவில்லை, மனைவிக்கு ஒரு டம்ளர் தண்ணீரும் கொடுக்கவில்லை.

எனக்கு ரத்தம் கொதித்தது. கொதித்து என்ன செய்ய, ஊறவைத்த துணி இருந்தது. துவைக்கப் போனேன். என் வீட்டுக்காரர் காலையில் கழற்றிப்போட்ட சட்டையைத் தண்ணீரில் போடும் முன் பையைத் துழாவினேன். பேருந்துச் சீட்டு, சீப்பு, அப்புறம் விரல் நீளத்துக்குப் பச்சையாக ஒரு தகடு. அதன் ஓரம் பித்தளை நிறத்தில் பல் பல்லாக இருந்தது. சாப்பாட்டுக்கு முன்னால்தான் அக்கா அப்படி ஒன்றை ரப்பரால் துடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஈரக் கையோடு கூடத்துக்கு வந்து, சோபாவுக்கு எதிரே நின்று நீட்டினேன்.

"இது என்னங்க?"

விஞ்ஞானியின் முகத்தில் அசடு வழிந்தது. பிறகு உண்மை வந்தது, அதுவும் தவணை முறையில். அது அவருடைய கடையில் காட்சிக்கு வைத்திருக்கும் கம்ப்யூட்டரின் மெமரி. யாரிடமும் கேட்காமல் சனிக்கிழமை கழற்றி வந்திருக்கிறார். திங்கட்கிழமை திருப்பி வைத்துவிடலாம் என்று எண்ணம். ஒரு நாள் கேமுக்காக. பச்சை டேப்பை உரித்துவிட்டு அந்த ஸ்லாட்டில் செருகியிருக்கிறார். ஓடவில்லை. பயந்துபோய் இரண்டு மெமரியையும் பிடுங்கி, அக்காவுடையதை மட்டும் திரும்ப வைத்து, டேப்பையும் ஒட்டியிருக்கிறார்.

"எந்த ஸ்லாட்ல திரும்ப வச்ச?" அக்கா கேட்டாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கொழுந்தனை 'நீங்க' என்றே பேசியவள்.

"அது... ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்கு அண்ணி."

அக்கா டார்ச்சை அடித்து டேப்பைப் பார்த்தாள். நானும் குனிந்து பார்த்தேன். எந்த முனையும் மடிக்கப்படவில்லை. இழுத்து நீட்டி ஒட்டியிருந்தது, நடுவில் ஒரு தலைமுடி வேறு. செத்த ஸ்லாட்டில் அவளுடைய மெமரியைச் செருகிவிட்டு, உயிரோடு இருந்த ஸ்லாட்டுக்கு டேப் ஒட்டியிருந்தார் என் புருஷன். அவள் கையால் வைத்த அடையாளத்தை வைத்தே அவளை ஏமாற்றியிருக்கிறார். தெரிந்து செய்யவில்லை என்பார்கள். தெரியாது என்று காலையில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவளுக்கு அரை நாள் போயிருக்காது.

டேப்பை உரித்தாள். மெமரியை மாற்றிச் செருகினாள். பொத்தானை அழுத்தியதும் ஒரே ஒரு பீப். திரையில் வெளிச்சம் வந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆனால் அதோடு முடியவில்லை. கொஞ்சம் ஓடி, நீலத் திரை காட்டி, தானாக அணைந்து மறுபடி தொடங்கியது. மறுபடியும் நீலம்.

"பாத்தீங்களா, நான் செஞ்சதால இல்ல" என்று சோபாவிலிருந்து குரல்.

அக்கா திரும்பாமலே சொன்னாள். "இது நான் மாத்தினது. நீ பொய் சொன்னதால பேட்டரியைக் கழட்டினேன். டிஸ்கைப் படிக்கிற செட்டிங் மாறிடுச்சு. நான் என்ன மாத்தினேன்னு எனக்குத் தெரியும். அதனால இதுக்கு ரெண்டு நிமிஷம் போதும்."

செட்டிங்கைப் பழையபடி வைத்தாள், கம்ப்யூட்டர் எழுந்துகொண்டது. மிச்சத்தை வரைய உட்கார்ந்தாள். நான் அவள் நாற்காலிக்குப் பின்னால் காவலுக்கு நின்றேன். அத்தை துணியைத் தூக்கிக்கொண்டு வந்தார், என் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போனார். கடைசி அலமாரிக்குக் கீல் துளைகளைக் குறித்து, ஒருமுறை சரிபார்த்து, ஐந்து மணிக்குச் சற்று முன்னால் கோப்பை அனுப்பினாள்.

இதோடு விட்டிருந்தால்கூட நான் இதை எழுதியிருக்க மாட்டேன். இரவுச் சாப்பாட்டில் என் வீட்டுக்காரர் தன் அண்ணனிடம் சொல்கிறார், "நானும் அண்ணியும் சேர்ந்து ஒருவழியா ஓட வச்சிட்டோம்." அத்தை அவருக்கு இன்னொரு கரண்டி போட்டார்.

அந்த வாரக் கடைசியில் முதலாளியம்மா கூப்பிட்டார். அலமாரிகள் எல்லாம் விடுதியில் ஏறிவிட்டன, கதவெல்லாம் மூடுகின்றன. திங்கட்கிழமையிலிருந்து வரலாம், மென்பொருள் உன் கம்ப்யூட்டரில்தானே இருக்கிறது, அதையும் கொண்டு வந்துவிடு என்றார். அக்கா இதைச் சொன்னதும் வீட்டில் ஒருவர்கூட நல்லது என்று சொல்லவில்லை.

"கம்ப்யூட்டர் வீட்டுச் சொத்து" என்றார் மாமா.

"அந்தப் பெரிய கார்டு வாங்கினது நான். வெளிக்கூடும் நான் கொடுத்தது" என்றார் என் வீட்டுக்காரர். பரிசு கொடுத்ததை நினைவில் வைத்திருந்தார், டேப்பைப் பற்றிச் சொன்னதை மறந்துவிட்டார்.

அக்கா தன் கணவரைப் பார்த்தாள். அவர், "வீட்டுக்குள்ள எதுக்குச் சண்டை" என்று பொதுவாகச் சொல்லி வைத்தார்.

அவள் ஸ்க்ரூடிரைவரை எடுத்து வந்தாள். செங்கல் கார்டை மேசைக்கடியிலிருந்து எடுத்து என் வீட்டுக்காரர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். பிறகு கண்ணாடியைக் கழற்றி, உள்ளே இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து, பழைய போர்வை விரித்த அட்டைப்பெட்டியில் அடுக்கினாள். எடுக்கும்போது சத்தமாகவே பெயர் சொன்னாள். "இது பேக்கரி. இது டாக்டர் வீட்டுச் சமையலறை. இது செருப்புக் கடை." கடைசியில் மூலையில் நின்றது வெறும் கூடும் அந்தக் கலர் விளக்கும்தான்.

"நீ கொடுத்தது உனக்கு" என்றாள்.

அட்டைப்பெட்டியின் ஒரு பக்கத்தை நான் பிடித்துக்கொண்டேன். தெருமுனைவரை தூக்கிப்போய், பட்டறைக்குப் போக ஆட்டோவில் ஏற்றினோம். என் பின்னால் என் பெயரைச் சொல்லி அவர் கூப்பிட்டது காதில் விழுந்தது. நானும் இந்த வீட்டில் கற்றுக்கொண்டபடி தலையை மட்டும் ஆட்டினேன்.

பட்டறையில் அக்கா முதலில் வரைந்தது கம்ப்யூட்டருக்கு ஒரு மரக்கூடுதான். மிச்சம் விழுந்த பலகையில், காற்றுக்குத் துளை வைத்து வெட்டிக் கொடுத்தார்கள். போன வாரம் போய்ப் பார்த்தேன். விளக்கு கிடையாது. உள்ளே செத்த ஸ்லாட்டின் மேல் புதுப் பச்சை டேப், ஒரு முனை மடித்தபடி. நாற்காலியில் துணி இல்லை. எனக்கு டீ வாங்கிக் கொடுத்தாள்.

இங்கே வீட்டில் பால் தினமும் பொங்கி வழிகிறது. கேஸ்காரர் இரண்டு தடவை மணியடித்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். மாமா மாத்திரையை மாற்றிப் போட்டுக்கொண்டு ஒரு நாள் முழுக்கப் படுத்துக்கிடந்தார். அக்கா வேலையிலிருந்து வந்தால் சாப்பிட்டுவிட்டு நேரே மாடிக்குப் போய்விடுகிறாள், அவள் வீட்டுக்காரர் தன் சட்டைக்குத் தானே பொத்தான் தைத்துக்கொள்கிறார்.

நேற்று சாப்பிடும்போது அத்தை பெருமூச்சு விட்டார். "நல்லா ஓடிக்கிட்டிருந்த வீடு. திடீர்னு என்னதான் ஆச்சோ."

எனக்குப் பொறுக்கவில்லை. என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தே கேட்டேன், "கடைசியா எதை மாத்தினீங்க?"

"நான் எதையும் தொடவே இல்லையே" என்றார்.